பெயர் கேட்காத அலமாரி

பிப்ரவரி 3, செவ்வாய்

முத்திரை மை காய்ந்துவிட்டது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒப்பேற்றினேன். தேதி மங்கலாகத்தான் விழுகிறது.

இன்று பதிவேட்டில் நாற்பது புத்தகம். நாற்பதும் டிராகன், மந்திரவாதி, ரத்தம் குடிப்பவன். எல்லாம் கடல் கடந்து வந்தவை. அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை; நானும் அவற்றைப் படித்துத்தான் வளர்ந்தேன். ஆனால் இந்திய எழுத்தாளர் எழுதிய நாவல் ஒன்றை எடுத்து நீட்டினால் போதும், ஊசி போட வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். "இதுல கேள்வி வருமா மிஸ்?" வராது என்றால், "அப்ப எதுக்கு மிஸ்?"

அதனால்தான் ஜன்னலோர அலமாரி. ஆரம்பித்து இன்றோடு மூன்று வாரம். அறுபத்திரண்டு நாவல்கள், எல்லாம் இந்திய எழுத்தாளர்களுடையவை, பாதி மொழிபெயர்ப்பு. ஒவ்வொன்றுக்கும் பழுப்புத் தாளில் அட்டை போட்டுத் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் மறைத்துவிட்டு, மேலே கதையின் முதல் வரியை மட்டும் எழுதியிருக்கிறேன். பதிவேடு கிடையாது. போன வருடம் ஒருத்தி கையெழுத்துப் போட்டு ஒரு நாவல் எடுத்தாள். அடுத்த பீரியடுக்குள் அவளுக்கு "அழுமூஞ்சி" என்று பட்டம் கட்டிவிட்டார்கள். ஆகவே இந்த அலமாரியில் யாரும் பெயர் எழுத வேண்டாம். எடுக்கலாம், வைக்கலாம். கடைசிப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. அடுத்துப் படிப்பவருக்கு என்ன சொல்லத் தோன்றுகிறதோ அதை அதில் எழுதலாம்.

"அந்தச் சீட்ட நீங்க படிப்பீங்களா மிஸ்?" என்று பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். எந்நேரமும் பென்சிலின் பின்பக்கத்தைக் கொறித்துக்கொண்டிருப்பதால் அவளை எல்லோரும் அணில் என்பார்கள்.

"மாட்டேன். சத்தியமா."

பிப்ரவரி 6, வெள்ளி

தலைமையாசிரியை வந்தார். அலமாரிக்கு முன்னால் கைகட்டி நின்றார். "ஒரு படம் இல்ல, பேரு இல்ல. பார்சல் ஆபீஸ் மாதிரி இருக்கு."

இருபத்து மூன்று இடம் காலியாக இருப்பதைக் காட்டினேன்.

"எடுத்திருக்காங்களா, எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

"வரும் மேடம்."

"ஆண்டுத் தேர்வு வரைக்கும் பாக்கறேன். சரிப்பட்டு வரலேன்னா அந்த இடம் வினா-விடைப் புத்தகத்துக்கு."

அவர் கெட்டவர் இல்லை. நூறு பெற்றோருக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்தவர். என் வேலையோ வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. அவர் போன பிறகு காலி இடங்களை மறுபடி எண்ணினேன். எதற்குத்தான் பயப்படவில்லை நான்?

பிப்ரவரி 17, செவ்வாய்

ஐம்பத்தோரு இடம் காலி! அலமாரி பொக்கை வாயாக நிற்கிறது. ஒரு பொக்கை வாயைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஒரு நாவலுக்கு "பஸ் புக்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டில் மூச்சு முட்டிப்போன ஒரு பெண் கடைசி அத்தியாயத்தில் யாரிடமும் சொல்லாமல் பேருந்தில் ஏறுகிறாள். அவளுடைய தங்கை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான், கதை முடிந்தது. மதிய இடைவேளையில் நாலைந்து பெண்கள் என் மேஜையைச் சூழ்ந்துகொண்டு சண்டைக்கு வந்தார்கள்.

"ஏறுனதோட முடிச்சிட்டாங்க மிஸ்! இறங்குனாளா இல்லையா?"

"இத எழுதினவங்க போன் நம்பர் கிடைக்குமா?"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அணில் மட்டும் சிரிக்காமல் சொன்னாள்: "டிராகன் கதையில யாரும் சாப்பிட்ட தட்டக் கழுவறதில்ல மிஸ். இதுல கழுவறாங்க. கழுவிக்கிட்டே சண்ட போடறாங்க. எங்க வீட்டுல மாதிரியே."

இருபது வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் சொல்ல நினைத்ததை அவள் தட்டு கழுவுவதில் சொல்லிவிட்டாள்.

வீட்டில் மகளிடம், "நீ அந்த பஸ் புக் படிச்சியா?" என்றேன். எங்கள் பள்ளியிலேயே ஒன்பதாம் வகுப்பு, வாயாடி. கேட்காத கேள்விக்கும் பதில் சொல்பவள் இதற்கு மட்டும், "யார் எடுத்தான்னு கேக்க மாட்டேன்னு சொல்லிருக்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். சரிதான். என் சட்டம் என் வீட்டிலேயே நன்றாக நடக்கிறது.

மார்ச் 4, புதன்

எழுதவே கை வரவில்லை.

பஸ் புக்கின் அட்டை கிழிந்திருந்தது. பள்ளி விட்டபின் புது அட்டை போட உட்கார்ந்தேன். பழைய தாளை உரித்தபோது பின்பக்கச் சீட்டும் பசை விட்டு மேஜையில் விழுந்தது. எழுத்து மேலே தெரிய விழுந்தது. கவிழ்த்து வைத்திருக்கலாம். கவிழ்க்கவில்லை. முதல் சொல்லைப் பார்த்த பிறகு கண்ணை எடுக்க முடியவில்லை.

"பரீட்சை முடிந்த மறுநாள் கிளம்பிவிடுவேன். அவள் போன அதே வழி. கட்டிலுக்கு அடியில் பை தயாராக இருக்கிறது. அம்மா இதுவரை பார்க்கவில்லை. பார்க்கவும் கூடாது."

கீழே ஓர் ஓரத்தில் 7 என்று எண் போட்டு வட்டமிட்டிருந்தது.

பரீட்சை இருபத்தேழாம் தேதி முடிகிறது. மறுநாள் என்றால் இருபத்தெட்டு. இன்னும் இருபத்து நான்கு நாள். ஏதோ ஒரு வீட்டில் ஒரு கட்டிலுக்கு அடியில் ஒரு பை இருக்கிறது. அந்தப் புத்தகத்தை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தது யார்? நான்.

மார்ச் 5, வியாழன்

ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிரித்தவளைப் பார்த்தால் மறைக்கிறாள் என்று தோன்றியது. சிரிக்காதவளைப் பார்த்தால் இவள்தான் என்று தோன்றியது. பதிவேடு இருந்தால் ஒரு நிமிட வேலை. வேண்டாம் என்று நானே பெருமையாக ஒழித்துக்கட்டினேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் என் கணவரிடம் சொன்னேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் பதறாமல் கேட்பார், அதுவே எனக்குச் சில சமயம் எரிச்சல்.

"லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சுன்னா முதல்ல என்ன பண்ணுவோம் தெரியுமா? கதவத் தட்டி, உள்ள இருக்கறவங்ககிட்டப் பேசுவோம். அதுக்கப்புறந்தான் மேல மெஷின் ரூமுக்குப் போவோம். பேசாமப் போய் எதையாவது திருகினா, உள்ள இருக்கறவன் பயத்துல கதவப் பிளக்கப் பாப்பான்."

"உள்ள யாருன்னே தெரியலையே. எந்தக் கதவத் தட்டறது?"

"எல்லாக் கதவையும் தட்டு."

சொல்வது சுலபம்.

மார்ச் 6, வெள்ளி

புதுச் சீட்டு ஒன்றில் எழுதினேன்: "கிளம்பும் முன் என்னிடம் ஒரு தடவை பேசு. நூலக மிஸ்." பஸ் புக்கின் பின்னால் ஒட்டவும் செய்தேன். ஒட்டியதும் தோன்றியது: நான் படித்துவிட்டேன் என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும். சத்தியம் செய்த மிஸ் படித்துவிட்டாள். பிய்த்துக் கசக்கிப் போட்டேன்.

ஒரு பிள்ளை தொலையப் போகிறது, எனக்கு என் மானம். ச்சீ.

மார்ச் 9, திங்கள்

தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கண்ணை மூடினால் பேருந்து நிலையம்தான். ஒரு முதுகு தெரிகிறது, முகம் தெரியவில்லை. இதற்கு மேல் என்னால் தனியாகச் சுமக்க முடியாது.

அவர் சீட்டை மூன்று தடவை படித்தார். "ஏழுன்னா? ஏழு பேரா? ஏழு பேர் சேர்ந்தா போகப்போறாங்க?"

எனக்கு அது தோன்றவே இல்லை.

மார்ச் 11, புதன்

ஒன்பது, பத்து, பதினொன்று, மூன்று வகுப்புப் பெண்களுக்கும் இன்று சொல்வதெழுதுதல். ஏதோ கட்டில், பை என்று வருகிற மாதிரி நாலு வரி. பதினோராம் வகுப்புக்குச் சொல்வதெழுதுதலா என்று அவர்கள் சிரித்துக்கொண்டே எழுதினார்கள்.

நூற்றுப் பத்துத் தாள். தலைமையாசிரியை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான்தான் ஒப்பிட்டேன். சீட்டை எழுதியவள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவில்லை, குட்டி வட்டம் போட்டிருந்தாள். எழுபத்தாறாவது தாளில் அந்த வட்டங்கள் இருந்தன. பேசாமல் அடுத்த தாளைப் புரட்டியிருக்கலாம். முதலில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். என் விரல் தானாகப் போய் அந்தத் தாளில் நின்றது.

அணில்.

தாளின் ஓரத்தில் ஈரம் பட்டு உலர்ந்த தடம். எழுதும்போதும் பென்சிலைக் கொறித்திருக்கிறாள்.

மார்ச் 12, வியாழன்

அவளுடைய அம்மாவை வரச் சொன்னார்கள். மருந்துக்கடையில் வேலை. வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வந்துவிட்டார். வீட்டில் இவர்கள் இரண்டே பேர்தான். சீட்டைக் கையில் கொடுத்ததும் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்போல் உதடு அசைந்தது. அழவில்லை, கத்தவில்லை. "எனக்கு இருக்கறது இவ ஒருத்திதான் டீச்சர்" என்றார். ஒரே ஒரு தடவை.

அணிலைக் கூப்பிட்டார்கள். அவள் சீட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவர்கள் கேட்ட எதற்கும் பதில் சொல்லவில்லை. முழு நேரமும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மார்ச் 13, வெள்ளி

கட்டிலுக்கு அடியில் பை இருந்ததாம். அணிலின் அம்மா போன் செய்து சொன்னார். எடுத்து அப்படியே கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டாராம்.

அப்பாடா என்றிருந்தது. பை நிஜம். நான் சொன்னது சரி. ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம். இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

எல்லாச் சீட்டுகளையும் பிய்த்து ஒப்படைக்கச் சொன்னார் தலைமையாசிரியை. பிய்த்தேன். அலமாரிக்கும் பூட்டு. அதற்கு முன்பே பிள்ளைகள் ஒரே நாளில் எல்லாப் புத்தகத்தையும் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அறுபத்திரண்டும் இருக்கிறது. ஒன்றுகூடத் தொலையவில்லை.

மார்ச் 14, சனி

மகள் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. இன்று துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"அம்மா, அது கதை."

"எது?"

"அந்தச் சீட்டு. நாங்க எழுதற கதைம்மா. பஸ் புக் அப்படி முடிஞ்சிடுச்சுல்ல, அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு நாங்களே எழுதினோம். ஜன்னல்ல நின்னு பாப்பாளே அந்தத் தங்கச்சி, அவதான் சொல்ற மாதிரி. ஒரு சீட்டுல ஒருத்தர். எழுதிட்டு நம்பர் போட்டு வெச்சிடணும். அடுத்தவங்க தேடிக் கண்டுபிடிச்சு, வேற புக்குல வேற சீட்டுல மீதிய எழுதணும். ஏழாவது, அணில் அக்கா எழுதினது."

கையிலிருந்த சட்டையை மடிக்க மறந்துபோனேன். "மொத்தம் எத்தன?"

"பதினொண்ணு வரைக்கும் வந்துச்சு. அதத் தேடித்தாம்மா எல்லாரும் எல்லாப் புக்கையும் எடுத்தோம். எடுத்தா முதல் வரி இருக்கும். படிச்சிட்டா கீழ வைக்க முடியாது."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ படிக்க மாட்டேன்னு சொன்ன. நாங்க நம்பினோம்."

பை? பை நிஜமாக இருந்ததே?

"அதுல அவங்க நோட்டும்மா. சின்ன வயசுல இருந்து எழுதின கதையெல்லாம். நாலு நோட்டு. அவங்க அம்மாவுக்குத் தெரியாம வெச்சிருந்தாங்க. அதத்தான் கதையில போட்டாங்க."

நான் புத்தகங்களோடு இருபது வருடம் இருக்கிறேன். கதை எது என்று தெரிய வேண்டியவள் நான் ஒருத்திதான். பதினொன்றில் ஒன்றை மட்டும் உருவிப் படித்துவிட்டு, ஊரைக் கூட்டினேன்.

மார்ச் 16, திங்கள்

இன்று பரீட்சை ஆரம்பம். காலையிலேயே தலைமையாசிரியையிடம் போய் எல்லாம் சொன்னேன். சீட்டுக் கட்டை எடுத்து மேலிருந்த சீட்டின் எண்ணைப் பார்த்தார். "அந்த அம்மாவுக்கு நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

போன் செய்தேன். கடையில் யாரோ மருந்துச் சீட்டை நீட்டும் சத்தம் கேட்டது.

"அன்னிக்கு ஓடிப்போகப் போறான்னீங்க. இன்னிக்குக் கதைங்கறீங்க. நான் எத நம்பறது டீச்சர்?"

பையில் இருந்தது அவள் கதை எழுதிய நோட்டு என்று சொன்னேன். "நோட்டா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அணிலிடம் மன்னிப்புக் கேட்கப் பரீட்சைக்கூட வாசலில் நின்றேன். அவள் சுவரோரமாக ஒதுங்கிப் போய்விட்டாள்.

மார்ச் 19, வியாழன்

எனக்குப் பரீட்சைக்கூட மேற்பார்வை. அணில் மூன்றாவது வரிசை. மூன்று மணி நேரமும் தலை நிமிரவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பென்சில் முனை முதல் கடைசி வரை பல் படாமல் வழவழவென்று இருந்தது.

புதுப் பயம் ஒன்று வந்திருக்கிறது, பழையதைவிடப் பெரியதாக. அன்று அவள் எங்கும் போவதாக இல்லை, பயந்தேன். இப்போது போவதற்கு ஒரு காரணத்தை நானே கையில் கொடுத்துவிட்டேனே. தேதியும் அதேதான், இருபத்தெட்டு.

"கதவப் பிளக்கப் பாப்பான்" என்று என் கணவர் அன்று சொன்னது நினைவுக்கு வருகிறது.

மார்ச் 22, ஞாயிறு

அவள் வீட்டுத் தெருவரைக்கும் போனேன். மணியை அழுத்தக் கை எழவில்லை. திரும்பிவிட்டேன்.

மார்ச் 27, வெள்ளி

கடைசிப் பரீட்சை. அணில் வந்தாள், எழுதினாள், போனாள். மற்ற பெண்கள் விசில் அடித்துக்கொண்டு ஓடினார்கள். இவள் வாசலில் நின்று பேனாவை மூடி, அதன் மூடி சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தாள்.

அவள் அம்மாவுக்குப் போன் செய்து, "நாளைக்கு வீட்லயே இருங்க" என்றேன். "லீவு சொல்லிட்டேன்" என்றார். அவருக்கும் தேதி மறக்கவில்லை.

மார்ச் 28, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் தூக்கம் வராது.

காலை ஒன்பதரைக்கு அணிலின் அம்மாவிடமிருந்து போன். "பால் வாங்கிட்டு வர்றதுக்குள்ள காணோம் டீச்சர். பத்து நிமிஷம். பத்தே பத்து நிமிஷந்தான்." என் கணவர்தான் செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்றேன். நீ யோசி" என்று கிளம்பினார். என்னத்த யோசிக்க? எங்கன்னு யோசிக்க?

மகள் அறையிலிருந்து ஓடி வந்தாள். "பதினாலாம் நம்பர் பஸ்மா! கதையில தங்கச்சி பதினாலுலதான் போவா. கடைசி ஸ்டாப். டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்துல பச்ச பெஞ்ச் இருக்கும். அங்க உக்காந்து அக்காவுக்காகக் காத்திருப்பா. பத்தாவது சீட்டு."

"நிஜமாவே இருக்கா அந்த பெஞ்ச்?"

"பத்தாவதும் அணில் அக்கா எழுதினதுதாம்மா. இருக்கும்."

அணிலின் அம்மாவை அவர் தெருமுனையிலேயே சந்தித்தேன். ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. பதினாலுதான் வந்தது. முக்கால் மணி நேரம். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், இரண்டு பேரும் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு. பாதி வழியில் அவராகவே பேசினார்.

"நான் அந்தப் பையத் திறந்தே பாக்கல டீச்சர். திறந்தா உள்ள துணி இருக்கும்னு பயம். துணி இருந்தா அது நிஜம்னு ஆயிடும்ல. கட்டித் தூக்கிப் போட்டுட்டேன். கனமா இருந்துச்சு. துணி அவ்வளவு கனம் இருக்காதுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கணும்."

"நானும் ஒரு சீட்டோட நிறுத்திட்டேன்" என்றேன்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் பேருந்து நின்று நின்று என் உயிரை எடுத்தது. அங்கே அவள் இல்லாவிட்டால்? பத்தாவது சீட்டுக்கு அப்புறம் பதினொன்று இருக்கிறதே, அதில் என்ன என்று மகளிடம் கேட்கவில்லையே! கைப்பையில் போன் இருந்தது. கேட்டிருக்கலாம். கேட்கத் தைரியம் வரவில்லை.

கடைசி நிறுத்தம். டிக்கெட் ஜன்னல் மூடியிருந்தது. பச்சை பெஞ்ச் இருந்தது. பெஞ்சில் அவள் இருந்தாள். கையில் பை இல்லை, ஒன்றுமில்லை. லீவு நாளிலும் பள்ளிச் சீருடையிலேயே வந்திருக்கிறாள்.

அம்மா ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பிடித்தபடியே நின்றார், அவ்வளவுதான்.

அணில் என்னைப் பார்த்துத்தான் முதலில் பேசினாள். "நீங்க படிக்க மாட்டேன்னு சொன்னீங்க."

"ஆமா. சொன்னேன். படிச்சேன். பயந்துட்டேன். உன்னக் கேக்காம போய்ச் சொன்னேன்." எழுதி வைத்து மனப்பாடம் செய்த மன்னிப்பு எதுவும் வாயில் வரவில்லை. "தப்பு."

அவள் தலையாட்டினாள். சரி என்றா, தப்புதான் என்றா, தெரியவில்லை.

"எங்கடி போகப் பார்த்த?" என்றார் அம்மா.

"எங்கயும் இல்ல. இங்க உக்காந்தா கதையில வர்ற அந்தத் தங்கச்சிக்கு என்னெல்லாம் கண்ணுல படும்னு பாக்க வந்தேன். எழுதினப்ப நான் இங்க வந்ததே இல்ல. பஸ்ல எழுதியிருக்கறதப் பாத்துதான் இந்த ஸ்டாப்பச் சொன்னேன். பெஞ்சு நானா வெச்சது. வந்து பாத்தா நிஜமாவே இருக்கு."

"திரும்பி வந்திருப்பியா?"

ஒரு பேருந்து வந்து, ஆட்களை இறக்கிவிட்டு, காலியாக நின்றது.

"தெரியலம்மா."

அந்த ஒரு சொல்லை நான் இன்னும் பல நாள் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மா பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த நோட்டுல என்ன எழுதியிருந்த?"

"சொன்னா உனக்குப் புரியாது."

"சொல்லித்தான் பாரேன். திரும்பிப் போக முக்கால் மணி நேரம் இருக்கு."

பேருந்தில் அவர்கள் இருவரும் முன்னால் உட்கார்ந்தார்கள். அணில் முதலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள், பிறகு ஒரு கையை ஆட்டி ஆட்டி. நான் வேண்டுமென்றே நான்கு இருக்கை தள்ளிக் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இன்றைக்காவது முடிந்தது.

என் கணவருக்குப் போன் செய்து, கிடைத்துவிட்டாள் என்று சொல்லும்போதுதான் அழுதேன்.

ஏப்ரல் 1, புதன்

தலைமையாசிரியை கூப்பிட்டார். ஒப்பந்தத்தைப் பற்றித்தான் என்று பயந்துகொண்டே போனேன். மேஜையில் சீட்டுகள், எண் வாரியாக அடுக்கி, கிளிப் போட்டு.

"நாலாவது எங்க?"

"மேடம்?"

"மூணுல தங்கச்சி சமையலறையில நிக்கறா. அஞ்சுல மாடியில இருக்கா, கையில அக்காவோட கடிதம். கடிதம் எப்படிக் கிடைச்சுது? நாலு இல்லாம ஒண்ணும் புரியல."

புத்தகத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டு எங்கேயாவது தங்கியிருக்கும், தேடுகிறேன் என்றேன். அலமாரிச் சாவியை என் பக்கம் தள்ளினார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "இன்னொரு தடவை இந்த மாதிரி பயம் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"உங்ககிட்டச் சொல்லுவேன் மேடம். ஆனா முதல்ல அந்தப் பிள்ளைகிட்டப் பேசிட்டு."

"ம்" என்றார். ஒப்பந்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பயம் அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 13, திங்கள்

பள்ளி திறந்தது. பழுப்பு அட்டைகளில் புதுச் சீட்டு ஒட்டினேன். வகுப்பு வகுப்பாகப் போய், நான் சத்தியத்தை மீறினேன் என்று சொன்னேன். இப்போது பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நாள் முழுவதும் ஜன்னலோர அலமாரிப் பக்கம் ஒரு பிள்ளையும் வரவில்லை.

ஏப்ரல் 15, புதன்

யாரும் இல்லை.

ஏப்ரல் 16, வியாழன்

மாலை பூட்டும்முன் வழக்கம்போல் எண்ணினேன். யாரும் எடுக்காத அலமாரியை எண்ணுவானேன் என்றால், பழக்கம். அறுபத்து மூன்று வந்தது. மறுபடி எண்ணினேன். அறுபத்து மூன்றேதான்.

மேல்தட்டில், தடிப் புத்தகங்களுக்கு நடுவில், மெல்லிதாக ஒன்று. அதே பழுப்புத் தாள். நான் போட்ட அட்டை இல்லை. மூலைகள் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தன. உருவினேன். கோடு போட்ட நோட்டு. அட்டையில் ஒரு வரி:

"பேருந்து திரும்பி வரும்போது அம்மா என் கையை விடவே இல்லை, டிக்கெட் எடுக்கும்போதுகூட."

புள்ளிகளுக்குப் பதில் குட்டி வட்டங்கள். அதற்குக் கீழே, பெயரே கேட்காத என் அலமாரியில், எழுதியவள் தன் முழுப் பெயரையும் எழுதியிருந்தாள்.

உள்ளே பிரிக்கப் பயமாக இருந்தது. கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பினேன். சீட்டு ஒட்டியிருந்தது. ஓரத்தில் பல் பட்ட பென்சிலின் ஈரத் தடம்.

"மிஸ் படிக்கலாம்."

நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.